நிமிடம் விழும் ஓசை: ஃபிளிப் கடிகார ரேடியோவின் கதை

எண்கள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் ஒவ்வொன்றாக விழுந்து நேரத்தைக் காட்டுவது ஃபிளிப் கடிகாரம். அதோடு ஒரு ரேடியோவையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தால் அது ஃபிளிப் கடிகார ரேடியோ. 1960களின் கடைசியிலிருந்து 1980களின் தொடக்கம்வரை அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா ஆகிய இடங்களின் படுக்கையறைகளில் கட்டிலை ஒட்டிய மேசையை ஆண்டது இந்தப் பெட்டிதான். முள் கடிகாரத்தைவிடப் படிக்க எளிது. ஒளிரும் எண்களைக் கொண்ட மின்னணுக் கடிகாரம் மலிவாகக் கிடைக்கும் காலம் இன்னும் வந்திருக்கவில்லை. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த இந்தக் கருவியை இன்றும் தேடி வாங்குவோர் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இது துல்லியமான கருவி என்று யாரும் வாங்குவதில்லை. ஒரு நாட்டில் ஒழுங்காக ஓடுவது இன்னொரு நாட்டில் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். பின்னோக்கித் திருப்பினால் பழுதாகும். அலாரம் சொன்ன நிமிடத்தில் அடிக்காது. ஆனால் இந்தக் குணங்கள் ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு காரணம் உள்ளே இருக்கிறது. காரணம் தெரியத் தெரியப் பெட்டியின் மீது பிடிப்பு கூடுகிறது. இதன் ஈர்ப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தகடு விழும் விதம்

நிமிடம் காட்டும் பகுதியில் ஓர் அச்சைச் சுற்றி 60 தகடுகள் கோக்கப்பட்டிருக்கும். இந்த உருளை ஒரு மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றும். அதாவது நிமிடத்துக்கு 6 பாகை. ஒவ்வொரு தகட்டின் முன்பக்கத்திலும் ஓர் எண்ணின் மேல்பாதி இருக்கும். அதே தகட்டின் பின்பக்கத்தில் அடுத்த எண்ணின் கீழ்ப்பாதி இருக்கும். 27 என்ற எண்ணின் மேல்பாதியைத் தாங்கி நிற்கும் தகடு முன்னால் விழும்போது அதன் முதுகு நம் பக்கம் திரும்பி 28இன் கீழ்ப்பாதியைக் காட்டுகிறது. அதே கணத்தில் அதன் பின்னால் காத்திருந்த தகட்டின் முகத்தில் 28இன் மேல்பாதி வெளிப்படுகிறது. இரண்டு பாதிகளும் சேர்ந்து ஒரு முழு எண் ஆகின்றன.

உருளை நின்று நின்று நகர்வதில்லை. இடைவிடாமல் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. மேலே ஒரு சிறு கொக்கி தகட்டின் நுனியைத் தடுத்துப் பிடித்திருக்கும். உருளை சுழலச் சுழலத் தகடு லேசாக வளைந்து, கொக்கியின் பிடியிலிருந்து நுனி நழுவும் கணத்தில் சட்டென்று விழுகிறது. மெதுவான ஓட்டத்தைத் திடீர் நிகழ்வாக மாற்றும் இந்த எளிய ஏற்பாடுதான் இயந்திரத்தின் உயிர்நாடி. உள்ளே நிமிடத்துக்கு ஒருமுறை இயங்கும் மின்காந்தமோ மின்னணுச் சுற்றோ எதுவும் கிடையாது.

மணிக்குத் தனி உருளை உண்டு. அதில் பன்னிரண்டு மணிகளும் முற்பகல், பிற்பகல் அடையாளத்துடன் இருமுறை அச்சிடப்பட்டிருக்கும். 59 முடிந்து 00 விழும்போது மணித் தகடும் கூடவே விழ வேண்டும். அதற்காக நிமிட உருளையோடு இணைந்த ஒரு நெம்புகோல் மணித் தகட்டைப் பிடித்து வைத்திருந்து சரியான கணத்தில் விடுவிக்கும். இரண்டு தகடுகள் ஒன்றாக விழுவதால் முழு மணியின் ஓசை மற்ற 59 ஓசைகளைவிடக் கொஞ்சம் கனமாகக் கேட்கும். பழைய செட்களில் நெம்புகோல் தேய்ந்துவிட்டால் 7:59க்குப் பிறகு 7:00 என்று காட்டி, ஓரிரு நிமிடம் கழித்து மணித் தகடு விழும். சிலவற்றில் 8:58 என்று முந்திக்கொண்டும் விழுந்துவிடும்.

இந்த அமைப்பு ஒரே திசையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. நேரம் மாற்றும் குமிழை முன்னோக்கி மட்டுமே திருப்ப வேண்டும். பின்னோக்கித் திருப்பினால் தகடுகள் ஒன்றோடொன்று சிக்கி மடங்கிவிடும். அதனால் குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் வழக்கமுள்ள அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதன் உரிமையாளருக்கு இரண்டே வழிகள்: 23 மணி நேரம் முன்னோக்கிச் சுற்றுவது, அல்லது பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் காத்திருப்பது.

மலைக்கிராமத்திலிருந்து படுக்கையறைக்கு

தகடு புரளும் கடிகாரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த யூஜீன் ஃபிட்ச் வடிவமைத்து ஆன்சோனியா கடிகார நிறுவனம் தயாரித்த 'பிளேட்டோ' கடிகாரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் செல்லுலாய்டு தகடுகள் மேலே மணியையும் கீழே நிமிடத்தையும் காட்டின. அது சாவி கொடுத்து ஓடிய கடிகாரம்.

நாம் இன்று அறிந்த வடிவத்துக்கு வழிவகுத்தது இத்தாலியின் சோலாரி நிறுவனம். வடகிழக்கு இத்தாலியில் பெசாரிஸ் என்ற மலைக்கிராமத்தில் 1725இல் கோபுரக் கடிகாரம் செய்யத் தொடங்கிய குடும்பத் தொழில் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உடினே நகருக்கு இடம்பெயர்ந்த இந்த நிறுவனத்தில் ரெமீஜியோ சோலாரி புரளும் தகட்டு முறையை உருவாக்கினார். கட்டடக் கலைஞர் ஜீனோ வாலே அதற்கு உருவம் கொடுத்தார். 'சிஃப்ரா 5' கடிகாரம் 1956இல் இத்தாலியின் உயரிய வடிவமைப்பு விருதான கொம்பாஸோ தோரோவைப் பெற்றது. அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் ரயில் நிலையத்தில் சோலாரியின் புரளும் அறிவிப்புப் பலகை வந்தது. பிறகு உலகின் ரயில் நிலையங்களும் விமான நிலையங்களும் அதைப் பின்பற்றின. 1960களின் நடுவில் வந்த சிறிய மேசைக் கடிகாரமான 'சிஃப்ரா 3' நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றிருக்கிறது.

சோலாரியின் கடிகாரம் விலை கூடியது. அதை எளிய வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தவை ஜப்பானிய நிறுவனங்கள். அவற்றில் முதன்மையானது கோபல். கேமராவின் ஷட்டர் தயாரிப்பில் பெயர் பெற்ற நிறுவனம் அது. மெல்லிய தகடுகளைத் துல்லியமாக இயக்குவதில் அதற்கு இருந்த கைத்தேர்ச்சி தகட்டுக் கடிகாரத்துக்கும் உதவியது. கோபல் தன் பெயரிலும் கடிகாரம் விற்றது. மற்ற நிறுவனங்களுக்கும் இயந்திரத்தை மட்டும் தனியாகச் செய்து கொடுத்தது. அதனால் வெவ்வேறு பெயர் தாங்கிய பெட்டிகளைத் திறந்தாலும் பலவற்றுக்குள் ஒரே குடும்பத்து இயந்திரம் இருக்கும்.

முள் கடிகாரத்தோடு ரேடியோவைச் சேர்த்து விற்கும் வழக்கம் அமெரிக்காவில் 1950களிலேயே பரவியிருந்தது. டிரான்சிஸ்டர் வந்து ரேடியோ சிறுத்த பிறகு அந்த முள்ளின் இடத்தைத் தகடுகள் பிடித்தன. சோனி தன் செட்களை 'டிஜிமேட்டிக்' என்ற பெயரில் 1960களின் கடைசியில் கொண்டுவந்தது. பானசோனிக், ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்களும் அடுத்த பத்தாண்டுகளில் இந்தச் சந்தையில் இறங்கின.

மின்கம்பியே ஊசல்

இந்தக் கடிகாரத்துக்குள் ஊசலும் இல்லை, குவார்ட்ஸ் படிகமும் இல்லை. நேரத்தை அளப்பது சுவரிலிருந்து வரும் மின்சாரம். மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 முழுச் சுழற்சிகளாக (இந்த எண்ணிக்கையே அலைவெண்) திசை மாறி மாறித் துடிக்கிறது. உள்ளே இருக்கும் சிறிய ஒத்தியங்கு மோட்டார் அந்தத் துடிப்போடு இம்மி பிசகாமல் சேர்ந்து சுழலும். அதன் வேகத்தைப் பற்சக்கரங்கள் குறைத்து, மணிக்கு ஒரு சுற்றாக நிமிட உருளைக்குக் கொடுக்கின்றன. மின்னழுத்தம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நேரம் மாறாது. அலைவெண் மாறினால் மட்டுமே மாறும்.

இந்த முறைக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்காவின் ஹென்றி வாரன். அவர் செய்த மின்கடிகாரங்கள் நேரம் தவறின. மின்நிலையம் அலைவெண்ணைச் சீராக வைத்திருக்காததே அதற்குக் காரணம் என்று கண்டுகொண்ட அவர், ஊசல் கடிகாரத்தையும் மின்கடிகாரத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தலைமைக் கடிகாரத்தைச் செய்து 1916இல் பாஸ்டன் நகர மின்நிலையத்தில் நிறுவச் செய்தார். அதைப் பார்த்து இயக்குபவர்கள் மின்னாக்கியின் வேகத்தைச் சரிசெய்தார்கள். ஊர் முழுவதும் உள்ள கடிகாரங்களை ஒரே இடத்திலிருந்து சரியாக வைத்திருக்க முடியும் என்பது அங்கே நிறுவப்பட்டது.

இதிலிருந்தே பெட்டியின் பெரிய சிக்கலும் வருகிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. அமெரிக்கச் செட்டை இந்தியாவில் ஓட்டினால் மணிக்குப் பத்து நிமிடம், நாளுக்கு நான்கு மணி நேரம் பிந்தும். 230 வோல்ட்டை 120 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் பயனில்லை. அது வோல்ட்டை மாற்றுமே தவிர அலைவெண்ணை மாற்றாது. ரேடியோ நன்றாகப் பாடும், கடிகாரம் மட்டும் பிந்திக்கொண்டே போகும். சிங்கப்பூர், மலேசியா சந்தைகளுக்காகச் செய்த செட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான்.

ஜப்பானுக்குள்ளேயே இரண்டு அலைவெண்கள் உண்டு. டோக்கியோ ஜெர்மானிய மின்னாக்கிகளையும் ஒசாகா அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இன்றுவரை கிழக்கில் 50, மேற்கில் 60 என்று நாடு பிரிந்து கிடக்கிறது. வீடு மாறுகிறவர் கடிகாரத்தையும் மாற்ற வேண்டிய நிலை அது. அதனால் உள்நாட்டுக்காகச் செய்த பல செட்களில் 50, 60 என்று தேர்ந்தெடுக்கும் வசதி வைக்கப்பட்டது.

ஒரே நாட்டுக்குள்ளும் அலைவெண் நிலையாக இருப்பதில்லை. 2018 ஜனவரி முதல் மார்ச் வரை கொசோவோ, செர்பியா இடையிலான மின்சாரத் தகராறால் ஐரோப்பிய மின்தொகுப்பின் சராசரி 49.996 ஹெர்ட்ஸாக இறங்கியது. அந்தச் சின்னஞ்சிறு குறையே சேர்ந்து சேர்ந்து, மின்கம்பியை நம்பிய கடிகாரங்களை ஏறத்தாழ ஆறு நிமிடம் பிந்த வைத்தது. 1990களின் தென்னிந்திய மின்தொகுப்பில் பற்றாக்குறை காரணமாக அலைவெண் 49க்கும் கீழே போன நேரங்கள் உண்டு. 49 ஹெர்ட்ஸில் ஒரு நாள் முழுக்க ஓடினால் இத்தகைய கடிகாரம் 28 நிமிடத்துக்கு மேல் பிந்தியிருக்கும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலம் தேசிய மின்தொகுப்போடு இணைந்தது. இன்று அலைவெண் 50ஐ ஒட்டியே நிற்பதால், 50 ஹெர்ட்ஸ் செட் ஒன்று தமிழ்நாட்டில் அன்றைவிட இன்று நன்றாகவே நேரம் காட்டும்.

கரன்ட் போனால் கடிகாரம் அப்படியே நிற்கும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். பிந்தியிருக்கும் அளவை வைத்து, எவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை என்று கணக்கிட்டுவிடலாம். கடிகாரம் நின்றுவிட்டதா, அடுத்த நிமிடத்துக்குக் காத்திருக்கிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்கப் பல செட்களில் ஒரு சிறு வட்டோ உருளையோ நொடிகளைக் காட்டியபடி இடைவிடாமல் சுழலும்.

எழுப்பும் முறை

அலாரத்துக்கு ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதில் மணிகளும் இடையிடையே கோடுகளும் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும்; ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து அல்லது பதினைந்து நிமிடம். உள்ளே சுழலும் சக்கரம் ஒன்றின் மேடு, நாம் வைத்த இடத்தில் உள்ள பள்ளத்துக்குள் இறங்கியதும் ஒரு சுவிட்ச் மூடிக்கொள்ளும். 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும் சக்கரத்தில் ஐந்து நிமிடம் என்பது ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஆறு மணிக்கு வைத்த அலாரம் 5:54க்கோ 6:05க்கோ அடிப்பது இதனால்தான். தன் செட் எவ்வளவு முந்தும் அல்லது பிந்தும் என்பதை உரிமையாளர் சில நாளில் பழகிக்கொண்டு அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.

ரேடியோவால் எழலாம், அல்லது பஸ்ஸரால் எழலாம். பல செட்களில் பஸ்ஸர் தனி மின்கருவி அல்ல. மோட்டாரின் சுருளைச் சுற்றிக் கசியும் காந்தப்புலத்தில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு தளர்ந்து அதிர்கிறது. அந்த அதிர்வே சத்தம். உறங்கப் போகும்போது பாட்டுக் கேட்க இன்னொரு குமிழ் உண்டு. ஒரு மணி நேரம்வரை திருப்பி வைத்தால் அது மெதுவாகப் பூஜ்யத்துக்குத் திரும்பி ரேடியோவை அணைத்துவிடும். சற்றுத் தூங்கவிட்டு மறுபடி எழுப்பும் ஸ்னூஸ் பொத்தானை 1956இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டெலிகிரான் கடிகாரம் பிரபலமாக்கியது. பின்னர் அது கடிகார ரேடியோக்களின் தலைமேல் நீண்ட பட்டையாக இடம்பிடித்தது.

ஓசை, ஒளி, உருவம்

நிமிடத்துக்கு ஒரு சிறு 'டக்'. அந்த ஓசைக்கு அடியில் மோட்டாரின் மெல்லிய ரீங்காரம். இந்த இரண்டும் விரும்புகிறவரைத் தாலாட்டும், விரும்பாதவரைத் தூங்கவிடாது. எண்களுக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் ஒரு சிறு நியான் விளக்கு. வெப்பம் மிகக் குறைவு, ஆண்டுக்கணக்கில் எரியும், இருட்டில் கண்ணைக் கூசவைக்காத செம்மஞ்சள் ஒளி. வயதானால் கண்ணாடியின் உட்புறம் கறுத்து, விளக்கு மினுக்கத் தொடங்கும்.

எண்களின் அச்சும் இதன் அழகில் பெரும்பங்கு வகிக்கிறது. கறுப்புத் தகட்டில் வெள்ளை எண்கள், அறையின் மறுகோடியிலிருந்தும் படிக்கும் அளவு. மின்னணுக் கடிகாரத்தின் எண்களெல்லாம் ஏழு கோடுகளுக்குள் அடங்க வேண்டியவை. தகட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. அச்சுக்கலைஞர் வரைந்த 2இன் வளைவும் 7இன் சாய்வும் அப்படியே வந்து நிற்கும். பெட்டிகளோ இரண்டு வகை. ஒன்று, வெள்ளை, ஆரஞ்சு, சிவப்புப் பிளாஸ்டிக்கில் விண்வெளிக் காலக் கனவுகளைத் தாங்கிய வளைவுகள். மற்றொன்று, மரத்தின் ரேகையை அச்சிட்ட தாள் ஒட்டிய நீள்பெட்டி.

1993இல் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே' திரைப்படம் இந்தப் பெட்டியை ஒரு தலைமுறையின் நினைவில் நிறுத்தியது. ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழச் சபிக்கப்பட்ட நாயகன் பில் மர்ரே, ஒவ்வொரு காலையும் பானசோனிக் கடிகார ரேடியோவில் 5:59 புரண்டு 6:00 ஆவதைக் காண்கிறார். அதே பாடல் தொடங்குகிறது. நேரம் முன்னேறியும் நாள் நகராத கதையைச் சொல்ல, விழுந்து நிற்கும் தகட்டைவிடப் பொருத்தமான காட்சி இல்லை.

ரேடியோவின் பங்கு

ரேடியோ பெரும்பாலும் மத்திய அலையும் எஃப்எம்மும் பிடிக்கும். ஒற்றை ஸ்பீக்கர், குமிழ் திருப்பி நிலையம் தேடும் டியூனிங். பேச்சுக்குத் தெளிவு, பாட்டுக்குக் கனம் குறைவு. வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று: ஜப்பானின் எஃப்எம் வரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அந்நாட்டுக்கென்றே செய்த பழைய செட்கள் 90 வரையே போகும். இந்தியாவில் எஃப்எம் நிலையங்கள் 88 முதல் 108 வரை பரவியிருப்பதால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தச் செட்டுக்கு எட்டாது. ஏற்றுமதிக்குச் செய்த செட்டில் இந்தக் குறை இருக்காது.

மறைவும் மறுவரவும்

1970களின் பிற்பாதியில் ஒரே சில்லில் அடங்கிய கடிகாரச் சுற்றுகளும் ஒளிரும் எண்களும் மலிவாயின. நகரும் உறுப்பு இல்லை, ஓசை இல்லை, அலாரத்தை நிமிடக் கணக்கில் வைக்கலாம். 1980களின் தொடக்கத்தில் தகடுகள் பின்வாங்கின. புதிதாக வந்த மின்னணுச் செட்களிலும் பல, மின்கம்பியின் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டின. ரயில் நிலையப் பலகைகள் இன்னும் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா 30ஆம் தெரு நிலையத்தின் புரளும் பலகை 2019 ஜனவரியில்தான் இறக்கப்பட்டது. அதே ஆண்டு நியூயார்க்கின் பழைய டிடபிள்யூஏ விமான முனையம் விடுதியாகத் திறக்கப்பட்டபோது அங்கிருந்த சோலாரிப் பலகை பழுதுபார்க்கப்பட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. இதற்கிடையே கைபேசிகளிலும் கணினித் திரைகளிலும் புரளும் தகடு படமாகத் திரும்பி வந்தது. எச்டிசி கைபேசிகளின் முகப்புக் கடிகாரம் அதில் பெயர் பெற்றது.

வாங்குவோரும் பழுதுபார்ப்போரும்

பழைய செட்டை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பின்புறத்து ஒட்டுச்சீட்டு: எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ். அடுத்து ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு 59இலிருந்து 00க்கு மாறும் கணத்தைக் கவனிக்க வேண்டும். மணித் தகடு கூடவே விழுந்தால் இயந்திரம் நல்ல நிலையில் இருக்கிறது.

ரீங்காரம் இரைச்சலாக மாறியிருந்தால் பெரும்பாலும் மோட்டாரிலும் பற்சக்கரங்களிலும் பழைய எண்ணெய் உலர்ந்து பசையாகியிருக்கும். சுத்தம் செய்து கடிகார எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். கூடுதலாக விட்டால் தகடுகளில் வழிந்து அவை ஒட்டிக்கொள்ளும். இரண்டு தகடுகள் சேர்ந்து விழுவதற்குக் காரணமும் இந்தப் பிசுக்கோ தூசியோதான். தகடுகளை மென்தூரிகையால் மட்டும் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் பட்டால் அச்சிட்ட எண்களே அழிந்துவிடும். வால்யூம் குமிழின் கரகரப்பு தொடுமுனைகளைச் சுத்தம் செய்தால் போகும். ஸ்பீக்கரில் நீங்காத உறுமல் இருந்தால் மின்னணுப் பகுதியில் வறண்ட கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும். மஞ்சளித்த வெள்ளைப் பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் வெளுக்கவைக்கும். நாளடைவில் மஞ்சள் மறுபடி வரலாம்.

ரேடியோவை அணைத்தாலும் கடிகார மோட்டாரில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனவே மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும். அரை நூற்றாண்டு கண்ட மின்வயரின் உறை வெடித்திருந்தால் அதை மாற்றிய பிறகே செருக வேண்டும்.

புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஹாங்காங்கின் ட்வெம்கோ நிறுவனம் புரளும் தகட்டுக் கடிகாரங்களை இன்றும் செய்கிறது. சிஃப்ரா 3 மறுபடி தயாரிப்புக்கு வந்திருக்கிறது. ஆனால் இவை வெறும் கடிகாரங்கள். மின்கம்பியின் துடிப்பு, தகட்டின் வீழ்ச்சி, வானலையின் குரல் மூன்றையும் ஒரே பெட்டியில் விரும்புகிறவர் பழைய செட்டைத்தான் தேட வேண்டும். எண்ணெயும் தூரிகையும் திருப்புளியும் தெரிந்த ஒருவரால் பெரும்பாலான பழுதுகளை வீட்டிலேயே நீக்கிவிட முடியும். உள்ளே நடப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால், செய்தவர் இல்லாத காலத்திலும் இதைப் பழுதுபார்த்து ஓடவைக்க முடிகிறது.